கொடைக்கானல் ஏறும் லாரிக்குப் புது கேம்ஷாஃப்ட்டா? முதலில் வால்வு ஸ்பிரிங்கைப் பாருங்கள்!

வண்டி வாசல் - வாரத் தொடர்

வத்தலக்குண்டைத் தாண்டி காமக்காபட்டி வந்ததும் சாலை மெல்ல நிமிர ஆரம்பிக்கும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஜன்னலைத் திறந்துவைக்கும் இடம். முன்னால் சிமென்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்துபோகும் லாரிக்கு அது பரீட்சை ஆரம்பிக்கும் இடம். செகண்ட் கியர், தேர்டு கியர், மறுபடி செகண்ட் என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு வளைவிலும் கரும்புகை விட்டு, பின்னால் வரும் கார்களின் ஹாரனையும் வாங்கிக்கொண்டுதான் அது பெருமாள்மலை போய்ச் சேரும்.

பழைய லாரி வைத்திருப்பவர்கள் மத்தியில் அடிக்கடி எழும் கேள்வி இது: "வண்டிக்கு மலையில் பிக்கப் பத்தவில்லை. என்ஜினைப் பிரித்துப்போட்டிருக்கும்போதே கேம்ஷாஃப்ட்டையும் கொஞ்சம் பெரிதாக மாற்றிவிடலாமா?"

சுருக்கமான பதில்: எல்லா லாரிக்கும் அது தேவைப்படாது. தேவைப்படும் லாரியிலும் கேமை மட்டும் மாற்றி நிறுத்தினால் ஆபத்து. ஏறுவதற்காக நாம் மாற்றும் பார்ட்ஸ், இறங்கும்போதும் தாக்குப்பிடிக்க வேண்டும். கொடைக்கானல் மாதிரி மலையில் வால்வு ஸ்பிரிங்குக்கு உண்மையான சோதனை இறக்கத்தில்தான் வருகிறது. அது ஏன், எந்த பார்ட்ஸை எப்படித் தேர்வு செய்வது என்று இந்த வாரம் பார்ப்போம். லாரி இல்லாதவர்களும் படிக்கலாம். அந்த லாரிக்கு முன்னாலும் பின்னாலும் போகிறவர்கள் நாம்தானே!

என்ஜினுக்கு மூச்சு கொடுக்கும் கூட்டுக் குடும்பம்

என்ஜினும் நம்மைப் போல மூச்சு இழுத்து, மூச்சு விடுகிறது. காற்று உள்ளே வர ஒரு கதவு, புகை வெளியே போக ஒரு கதவு. அந்தக் கதவுகள்தான் வால்வுகள். அவற்றை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரம் திறந்துவைப்பது என்று முடிவு செய்வது கேம்ஷாஃப்ட். நீளமான ஒரு தண்டு. அதன்மீது முட்டை வடிவத்தில் சில புடைப்புகள். தண்டு சுற்றும்போது புடைப்பு மேலே வந்தால் வால்வு திறக்கும், விலகினால் மூடும்.

நம் ஊர் மலைகளில் இன்றும் ஓடும் பல பழைய லாரிகளில் கேம்ஷாஃப்ட் கீழே, என்ஜின் பிளாக்குக்குள் உட்கார்ந்திருக்கும். வால்வுகளோ மேலே ஹெட்டில். கீழே இருப்பவர் சொல்வதை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வரிசையே உண்டு. கேமின் மேல் உட்காரும் டேப்பட். அதன் மேல் நிற்கும் புஷ் ராடு. அது தள்ளும் ராக்கர் ஆர்ம். பார்க்கில் குழந்தைகள் ஆடும் சீசா பலகை மாதிரி, ஒரு முனை மேலே போனால் மறு முனை கீழே இறங்கி வால்வை அழுத்தும். அழுத்தம் விலகியதும் வால்வைப் பழைய இடத்துக்கு இழுத்து மூடுவது வால்வு ஸ்பிரிங். ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்க ஒரு தொப்பியும், இரண்டு சின்ன காட்டர் பூட்டுகளும்.

டாடாவின் 697 என்ஜின் இதற்கு நல்ல உதாரணம். 1954-ல் டெய்ம்லர் பென்ஸுடன் ஏற்பட்ட கூட்டில் வளர்ந்த தொழில்நுட்பத்தின் வழி வந்தது. 97 மி.மீ. போர், 128 மி.மீ. ஸ்ட்ரோக், 6 சிலிண்டர், சுமார் 5.7 லிட்டர். ஒரு சிலிண்டருக்கு 2 வீதம் மொத்தம் 12 வால்வுகள். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் லேலண்டின் பழைய லாரி என்ஜின்களிலும் இதே புஷ் ராடு குடும்பம்தான்.

கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். என்ஜின் 2,400 ஆர்.பி.எம்.மில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,200 தடவை, அதாவது ஒரு விநாடிக்கு 20 தடவை திறந்து மூடும். இந்த வேகத்தில் வரிசையில் ஒருவர் தாமதித்தாலும் குடும்பமே தடுமாறும். அதனால்தான், கேமை மாற்றினால் அதற்கு மேலே இருக்கும் அத்தனை பேரையும் கேட்டுவிட்டு மாற்ற வேண்டியிருக்கிறது.

மலை என்ன கேட்கிறது?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். வத்தலக்குண்டிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,700 மீட்டருக்கும் மேல் ஏறியாக வேண்டும். பழனியிலிருந்து வரும் பாதை இன்னும் கொஞ்சம் நீளம்; ஏறும் உயரம் கிட்டத்தட்ட அதேதான். மேலே போகும் லாரியில் சிமென்ட், செங்கல், கேஸ் சிலிண்டர், ரேஷன் அரிசி. கீழே வரும் லாரியில் மன்னவனூர், கவுஞ்சி பக்கத்து கேரட்டும் உருளைக்கிழங்கும், பூம்பாறைப் பூண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அது ஒட்டன்சத்திரத்துக்கோ மதுரைக்கோ போய்ச் சேர இந்த இறக்கத்தைக் கடந்தாக வேண்டும்.

ஏறும்போது என்ஜினுக்கு இரண்டு கஷ்டம். ஒன்று, வேகம் குறைவு, லோடு அதிகம். கொண்டை ஊசி வளைவில் லாரி ஏறக்குறைய நின்று, திரும்பி, மறுபடி இழுக்க வேண்டும். அங்கே தேவைப்படுவது குறைந்த ஆர்.பி.எம்.மில் கிடைக்கும் இழுவிசை. 1,200 முதல் 1,800 ஆர்.பி.எம். வரை என்ஜின் எப்படி இழுக்கிறது என்பதில்தான் மலை லாரியின் தலையெழுத்தே இருக்கிறது.

இரண்டாவது, காற்று. கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியை விடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய என்ஜினுக்கு மூச்சு வாங்கும். பம்ப் அதே அளவு டீசலைக் கொடுக்கும். எரிக்கக் காற்று போதாது. மிச்சம் கரும்புகையாக வெளியே வரும். டர்போ இருந்தால் இந்தக் குறையில் பெரும்பகுதியை அது ஈடுகட்டிவிடும்.

ரீல்ஸ் கேம் வேறு, லாரி கேம் வேறு

மொபைலில் வெளிநாட்டு வண்டிகளின் ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். ஐடிலில் நிற்கும்போதே 'டுக்... டுக்... டுக்' என்று வண்டி குலுங்கும். பெரிய கேம் போட்ட பெட்ரோல் என்ஜினின் சத்தம் அது. அந்த கேமில் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். உள்ளே வரும் கதவும் வெளியே போகும் கதவும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரமும் கூடும். ஆர்.பி.எம். ஏறிய பிறகுதான் அதன் பலன் தெரியும். கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை குறைந்துபோகும்.

லாரிக்கு இது அப்படியே தலைகீழ் மருந்து. டீசல் லாரி 2,500 ஆர்.பி.எம். பக்கத்தில் கவர்னரால் நிறுத்தப்பட்டுவிடும். அதற்கு மேல் கிடைக்கும் சக்தி நமக்கு எதற்கு? காற்று வால்வு தாமதமாக மூடும் கேமைப் போட்டால், மெதுவாக ஓடும்போது சிலிண்டருக்குள் வந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப வெளியே தள்ளப்படும். வளைவில் திரும்பி இழுக்கும் இடத்தில் லாரி இன்னும் திணறும்.

எனவே மலை லாரிக்கு கேம் தேர்வு செய்தால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வால்வு திறந்திருக்கும் நேரம் கம்பெனி கேமை ஒட்டியே இருக்கிறதா? காற்று வால்வு சீக்கிரம் மூடுகிறதா? வால்வு திறக்கும் உயரம் கூடியிருந்தால் எத்தனை மி.மீ. கூடியிருக்கிறது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத கடையில் கேம் வாங்க வேண்டாம். "சூப்பரா இழுக்கும் சார்" என்பது அளவு ஆகாது.

இறக்கத்தில் தொடங்கும் கதை

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். 16 டன் எடையுள்ள லாரி ஒன்று கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை இறங்குகிறது. 1,700 மீட்டர் உயரத்தில் அந்த எடைக்குள் இருக்கும் ஆற்றலை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 74 யூனிட். நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால் பங்கு! அத்தனையும் இரண்டு மணி நேரத்துக்குள் எங்காவது வெப்பமாகக் கரைய வேண்டும். டயர் உராய்வும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை பிரேக் டிரம்மும் என்ஜினும் பங்குபோட வேண்டும். என்ஜின் தன் பங்கை வாங்காவிட்டால் டிரம் பழுக்கும், லைனர் கருகும், பிரேக் பிடிக்காது. மலையடிவாரத்தில் லாரி நின்றிருந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த வாசனையை உங்களில் பலர் அறிவீர்கள்.

என்ஜின் தன் பங்கை வாங்க உதவும் கருவி எக்ஸாஸ்ட் பிரேக். புகைக் குழாயில் ஒரு மூடி. டிரைவர் பட்டனை அழுத்தினால் அந்த மூடி குழாயை அடைக்கும்; டீசலும் நின்றுவிடும். வெளியே போக முடியாத காற்று குழாய்க்குள் அமுங்கும். அந்த அழுத்தத்தை எதிர்த்து பிஸ்டன் தள்ள வேண்டியிருப்பதால் வண்டியின் வேகம் மட்டுப்படும்.

அடைபட்ட காற்று பிஸ்டனை மட்டும் தள்ளுவதில்லை. மூடியிருக்கும் புகை வால்வின் முதுகையும் தள்ளுகிறது. பக்கத்து சிலிண்டர் காற்றை உள்ளே இழுக்கும் நேரத்தில் அதற்குள் அழுத்தம் குறைவு. குழாயில் அழுத்தம் அதிகம். வால்வைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்பிரிங் மட்டும்தான். நம் வீட்டு குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிட் சரியாக இருந்தால் உள்ளே அழுத்தம் நிற்கும். வெயிட் லேசாக இருந்தால் ஆவி அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். இங்கே குக்கர் வெயிட்டின் வேலையைச் செய்வது வால்வு ஸ்பிரிங்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். வால்வுத் தலையின் விட்டம் 40 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 12.5 சதுர சென்டிமீட்டர். குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம் இருந்தால் வால்வைத் தள்ளும் விசை ஏறத்தாழ 37 கிலோ. வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கும் பலம் அதை விடக் கணிசமாகக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் வால்வு தானாகத் திறக்கும். பிறகு 'டப்'பென்று சீட்டில் அறையும். கேம் சொல்லாமலே திறந்து மூடும் வால்வு, பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது ஆபத்து, ஓவர் ஸ்பீடு. ஏற்றத்தில் கவர்னர் டீசலைக் குறைத்து ஆர்.பி.எம்.மை அடக்கிவிடும். இறக்கத்தில் என்ஜினைச் சுற்றுவது டீசல் இல்லை, லாரியின் எடை. கவர்னரால் அதைத் தடுக்க முடியாது. தேர்டிலிருந்து செகண்டுக்கு அவசரமாகக் கியரை இறக்கினால் 2,400-ல் இருக்க வேண்டிய என்ஜின் 3,000-க்குத் தாவிவிடும். வேகம் கூடியது 25 சதவிகிதம்தான். ஆனால், வால்வைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங்குக்குத் தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; 56 சதவிகிதம் கூடிவிடும். ஸ்பிரிங்கால் அந்த வேகத்துக்கு ஓட முடியாதபோது வால்வு அந்தரத்தில் மிதக்கும். பிஸ்டன் வந்து அதைத் தட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் புஷ் ராடு வளைவதோடு போகும். இல்லாவிட்டால் வால்வுத் தலை உடைந்து உள்ளே விழுந்து பிஸ்டனை நொறுக்கும்.

மலை நடுவில் என்ஜின் போனால் இழுவை மட்டும் போவதில்லை. என்ஜின் கொடுத்துக்கொண்டிருந்த தடுப்பு போகும். பவர் ஸ்டீயரிங் கல்லாகும். ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் என்ஜினால்தான் ஓடுகிறது; டேங்க்கில் இருக்கும் காற்றுதான் பிறகு கையிருப்பு. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போட்ட லோக்கல் ஸ்பிரிங்கின் விலை இதுவாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். கம்மின்ஸ் 5.9 லிட்டர், 12 வால்வு என்ஜினில் கூடுதல் பலமுள்ள எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்துகிறவர்கள், கூடவே '60 பவுண்ட் ஸ்பிரிங்' போடுவார்கள். சதுர அங்குலத்துக்கு 60 பவுண்ட் எதிர் அழுத்தத்தைத் தாங்கும் ஸ்பிரிங் என்பது அதன் பொருள். பிரேக்கைத் தேர்வு செய்யும்போதே ஸ்பிரிங்கையும் தேர்வு செய்துவிடுகிறார்கள். அதே பி சீரிஸ் என்ஜின் குடும்பம்தான் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் ஆலையில் தயாராகி, நம் ஊர் லாரிகளிலும் ஓடுகிறது.

அந்த கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸுக்கே ஒரு மலை இறக்கம் பாடம் கற்பித்திருக்கிறது. 1931-ல் டீசல் லாரியில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் பயணத்தில், கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் கைவிட்டது. கீழே ரயில்வே கிராஸிங்கில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. மயிரிழையில் தப்பினார்கள். பிற்காலத்தில் அவர் கண்டுபிடித்த என்ஜின் பிரேக் 1961-ல் 'ஜேக்கப்ஸ் பிரேக்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பிஸ்டன் காற்றை அமுக்கி மேலே வந்ததும் புகை வால்வைக் கொஞ்சம் திறந்து, அமுங்கிய காற்றை வெளியே விட்டுவிடும் ஏற்பாடு அது. ஆக, அங்கே வால்வும் ராக்கரும்தான் பிரேக்கே!

எதை எப்படித் தேர்வு செய்வது?

கேமும் டேப்பட்டும்: இரண்டும் ஜோடி. புது கேம் போட்டால் டேப்பட்டும் புதிது போட வேண்டும். தட்டை டேப்பட் ஒவ்வொன்றும் தன் புடைப்போடு உராய்ந்து பழகியிருக்கும். பழைய டேப்பட்டைப் புது கேம் மேல் வைத்தால் கேம் வெகு சீக்கிரம் தேய்ந்துபோகும். பொருத்தும்போது கேமுக்கென்றே உள்ள கெட்டியான லூப்ரிகன்ட் தடவ வேண்டும்.

தேய்ந்த கேமை கிரைண்டிங் செய்து தருவதும் நடக்கிறது. மலிவுதான். ஆனால், கேமின் மேற்பரப்பில் மட்டுமே கடினப்படுத்திய படலம் இருக்கும். அதைச் சீவிவிட்டால் உள்ளே இருக்கும் இரும்பு மென்மை. தவிர, கேமின் அடிவட்டம் சிறுத்துவிடுவதால் புஷ் ராடு அளவும் கேள்விக்குள்ளாகும். மறுபடி கடினப்படுத்தித் தருகிறார்களா என்று கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வால்வு ஸ்பிரிங்: கடையில் "ஸ்டிராங் ஸ்பிரிங்" என்று கேட்கக் கூடாது. கேட்க வேண்டியவை மூன்று அளவுகள். வால்வு மூடியிருக்கும்போது எத்தனை கிலோ, முழுதாகத் திறந்திருக்கும்போது எத்தனை கிலோ, எந்த உயரத்தில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வால்வு முழுதாகத் திறக்கும்போதும் சுருள்களுக்குள் மொத்தமாக 1.5 மி.மீ. அளவாவது இடைவெளி மிச்சமிருப்பது நல்லது. இடைவெளி தீர்ந்துவிட்டால் ஸ்பிரிங் இரும்புக் கட்டையாகிவிடும். புஷ் ராடு வளையும்.

மூடியிருக்கும்போது உள்ள பலம்தான் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தாங்குவது. உங்கள் வண்டியின் எக்ஸாஸ்ட் பிரேக் எவ்வளவு அழுத்தம் கொடுக்கும் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற ஸ்பிரிங்கைத் தேர்வு செய்யுங்கள். அதற்காகத் தேவைக்கு மேல் பலம் கூட்டினால் கேமும் டேப்பட்டும் தேயும். இரட்டை ஸ்பிரிங் உள்ள என்ஜினில் உள் ஸ்பிரிங்கின் சுற்று வெளி ஸ்பிரிங்குக்கு எதிர்த் திசையில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றுக்குள் ஒன்று சிக்காது. மாற்றினால் முழு செட்டாக மாற்றுங்கள். 12 பேரில் ஒருவருக்கு மட்டும் புதுச் சட்டை வேண்டாம்.

பழைய லாரிகளில் கவனிக்காமல் விடப்படும் இன்னொரு விஷயம் உண்டு. ஒவ்வொரு தடவை ஹெட் வேலை பார்க்கும்போதும் வால்வு சீட்டைக் கிரைண்டிங் செய்கிறார்கள். அதனால் வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் அமிழும். தண்டு மேலே நீளும். ஸ்பிரிங்குக்குக் கிடைக்கும் இடம் கூடும். அதாவது, புது ஸ்பிரிங் போட்டாலும் அது தளர்வாகவே உட்காரும். உயரத்தை அளந்து, தேவையான கனத்தில் ஷிம் வைத்தால்தான் ஸ்பிரிங் தன் முழுப் பலத்தைக் காட்டும். மெக்கானிக்கிடம் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

புஷ் ராடு: பழையதைக் கண்ணாடி மேல் வைத்து உருட்டுங்கள். துள்ளினால் வளைந்திருக்கிறது, தூக்கிப்போடுங்கள். நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம். கேமோ, ஹெட்டின் கனமோ மாறியிருந்தால் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். வால்வுத் தண்டின் நுனியில் மார்க்கர் மை தடவி, என்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். ராக்கர் பட்ட தடம் நடுவில் விழுந்தால் நீளம் சரி. ஓரத்தில் விழுந்தால் வால்வு கைடு ஒரு பக்கமாகத் தேயும்.

ராக்கர் ஆர்ம்: சீசாவின் இரண்டு கைகளும் ஒரே நீளம் இருக்காது. கேம் 7 மி.மீ. தூக்குகிறது, ராக்கரின் விகிதம் 1.5 என்றால், வால்வு 10.5 மி.மீ. திறக்கும். அதே கேமில் 1.7 விகித ராக்கரைப் போட்டால் 11.9 மி.மீ. கேமைத் தொடாமலே 1.4 மி.மீ. கூடிவிட்டது. அதனால் கேமையும் ராக்கரையும் தனித்தனிக் கடைகளில் வாங்கி ஒன்றுசேர்ப்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

வால்வு, கைடு, காட்டர்: புகை வால்வு நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வேலை செய்கிறது. அது தன் சூட்டின் பெரும்பங்கை சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. சீட்டில் சரியாகப் பதியாத வால்வு தீய்ந்துபோகும். எனவே மலை லாரிக்கு விலையைப் பார்க்காமல் தரமான வால்வு போடுங்கள். நம் மாநிலத்திலேயே இதைத் தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. தொலைவில் தேட வேண்டியதில்லை. காட்டர் பூட்டுகள் அளவில் சிறியவை. ஆனால், வால்வு சிலிண்டருக்குள் விழாமல் பிடித்திருப்பவை அவைதான். பழைய காட்டரை மறுபடி போட வேண்டாம்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி: டீசல் என்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டை ஒட்டி வந்துவிடும். பெட்ரோல் என்ஜின் மாதிரி தாராளமான இடம் இல்லை. ஹெட் ஃபேஸிங் செய்திருந்தால் இன்னும் குறையும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் மேல் ஒட்டி, ஹெட்டை மாட்டி, டேப்பட் செட்டிங் செய்து, என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றினால், களிமண்ணில் வால்வு பதிந்த தடம் தெரியும். அதில் மிஞ்சிய கனம்தான் இடைவெளி. மேனுவல் சொல்லும் அளவுக்குக் குறைவாக இருந்தால் அந்த கேம் உங்கள் என்ஜினுக்கு இல்லை. அவ்வளவுதான்.

கேமுக்கு முன்னால் ஐந்து வேலைகள்

பிக்கப் குறைந்த பழைய லாரியில் கேம் குற்றவாளியாக இருப்பது அரிது. வரிசையாக இவற்றைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? டர்போ ஹோஸில் காற்று கசிகிறதா? நாசில் சரியாகத் தெளிக்கிறதா, பம்ப் டைமிங் சரியா? கம்ப்ரஷன் எல்லா சிலிண்டரிலும் ஒன்றுபோல இருக்கிறதா? கடைசியாக, டேப்பட் செட்டிங்.

இந்தக் கடைசி வேலைக்குச் செலவு மிகக் குறைவு; பலன் அதிகம். ஃபில்லர் கேஜை வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கு, அது சொல்லும் சூட்டிலோ குளிர்ச்சியிலோ செட்டிங் செய்ய வேண்டும். இடைவெளி கூடினால் 'டக டக' சத்தம் கேட்கும், வால்வு கொஞ்சமாகத்தான் திறக்கும், இழுவை போகும். இடைவெளி குறைந்தால் சத்தமே கேட்காது. அதுதான் மோசம். சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூடாமல், சத்தமில்லாமல் தீய்ந்துகொண்டிருக்கும். "வண்டி சத்தமில்லாம ஓடுது" என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் கேஜை ஒருமுறை விட்டுப் பாருங்கள்.

ஐந்தையும் முடித்த பிறகும் கேம் புடைப்பு தேய்ந்திருப்பது அளவில் தெரிந்தால் கம்பெனி அளவு கேம், புது டேப்பட், சரிபார்த்த ஸ்பிரிங். கொடைக்கானல் ஏறும் பெரும்பாலான பழைய லாரிகளுக்கு இந்தக் கூட்டணியே போதும். போன இழுவை திரும்பி வரும். பிரேக்கும் பத்திரமாக இருக்கும்.

புது லாரி வைத்திருப்பவர்களுக்கு

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்-6 லாரிகளில் டீசல் எவ்வளவு, எப்போது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. புகைக் குழாயில் சுத்திகரிப்பு ஏற்பாடுகள் வரிசையாக இருக்கின்றன. கேமை மாற்றினால் அந்தக் கணக்கு மொத்தமும் குழம்பும், வாரன்ட்டியும் போகும். இந்த வண்டிகளில் கம்பெனி பார்ட்ஸைத் தவிர வேறெதையும் நினைக்கவே வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. தேய்ந்த பார்ட்ஸுக்குப் பதில் அதே அளவு பார்ட்ஸ் போடுவது பழுதுபார்ப்பு. என்ஜினின் குணத்தையே மாற்றும் வேலை என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாக இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்க...

* முதலில் டேப்பட் செட்டிங், கம்ப்ரஷன். கேம் கடைசியில்.
* கேம் மாற்றினால் டேப்பட்டும் புதிது.
* ஸ்பிரிங்கை எக்ஸாஸ்ட் பிரேக்கின் அழுத்தத்துக்கு ஏற்பத் தேர்வு செய்யவும்.
* சீட் கிரைண்டிங் செய்த ஹெட்டில் ஸ்பிரிங் உயரத்தை அளந்து, ஷிம் வைக்கவும்.
* பிஸ்டன் - வால்வு இடைவெளியைக் களிமண் வைத்துப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.
* இறக்கத்தில் ஆர்.பி.எம். முள் சிவப்பைத் தொட விடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்கவும். நியூட்ரல் வேண்டவே வேண்டாம்.

காரில் கொடைக்கானல் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. லோடு லாரியை வளைவில் நிறுத்தவைத்தால் அது மறுபடி கிளம்ப எவ்வளவு பாடுபடும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். இறங்கும் லாரி மெதுவாக, 'ஸ்ஸ்' என்று சத்தம் போட்டுக்கொண்டு போனால் ஹாரன் அடிக்காதீர்கள். உள்ளே ஒரு டஜன் ஸ்பிரிங்குகள் அந்த லாரியையும், அதற்கு முன்னால் போகும் பஸ்ஸையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அடுத்த வாரம்: பிரேக் லைனர் கருகும் வாசனை வந்தால் காரை எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது?